எப்படி உள்ளதோ அப்படியே!

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போகிறவர்கள் பெருங்களத்தூர்ப் பக்கம் கண்ணாடி போர்த்திய ஐடி கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த மண்ணில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்பது கம்பெனியின் பெயர். ஹெரால்டு, கெஸல் என்று அன்றைய மதராஸ் தெருக்களில் ஓடிய சின்னக் கார்கள் அதன் தயாரிப்புகள்தான். 1985-ல் அந்தக் கம்பெனி தகுதிக்கு மீறி ஆசைப்பட்டது. இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்ற காருக்கு வயதாகி, அதை ஓரங்கட்டும் நேரம். அந்தக் காரைச் செய்யும் கருவிகளைக் கப்பலேற்றி இங்கே வரவழைத்து, உள்ளே தன்னிடமிருந்த பழைய வேன்கார்டு எஞ்சினை வைத்து, ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று பெயர் சூட்டி விற்றது. வண்டி எடுபடவில்லை. 1988-ல் ஆலை நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் நம் கதை தொடங்குகிறது. நின்ற ஆலையின் சொத்துகள் வழக்குகளில் சிக்கி, 2006 வாக்கில்தான் நீதிமன்றத்தின் வழியாக விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ 18 வருஷம்! பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிடும். புத்தம் புதிதாகக் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது ரிம்மர் பிரதர்ஸ் என்கிற பிரிட்டிஷ் நிறுவனம். அங்கே பழைய ரோவரைச் சீராட்டுகிறவர்கள் நிறைய. மதராஸுக்குக் கப்பலில் வந்த கார், துண்டு துண்டாகத் தாய்வீடு திரும்பியது. இங்கே ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்த சிலருக்குத்தான் பாவம், ஸ்பேருக்கு வழியில்லாமல் போனது.

ஆலை நொடித்தால் முதலாளி மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். தொழிலாளி வேறு வேலை தேடலாம். வங்கி, கணக்கில் வாராக்கடன் என்று எழுதிக்கொள்ளலாம். இயந்திரம் மட்டும் எங்கேயும் போக முடியாது. அஸ்திவார போல்ட்டில் கட்டுண்டு, எண்ணெய் வடிந்து, எலி கடித்த வயர்களோடு அங்கேயே நிற்கும். அதை யார், என்ன விலைக்கு, எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவது ஒரே ஒரு ஏல விளம்பரம். பிறகு, எப்போதாவது ஒரு விபத்துச் செய்தி.

விளம்பரத்தின் மூன்று வாசகங்கள்

அந்த ஏல விளம்பரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் மூன்று தொடர்கள் வரும்: ‘எங்கே உள்ளதோ அங்கேயே’, ‘எப்படி உள்ளதோ அப்படியே’, ‘என்ன உள்ளதோ அதுவே’. கேட்பதற்கு ஏதோ சித்தர் வாக்கு மாதிரி இருக்கும். பொருள் லௌகீகமானது. வாங்கிய பிறகு மோட்டார் ஓடவில்லை, பாகம் குறைகிறது, அடியில் ஆசிட் தேங்கியிருக்கிறது என்று எதற்காகவும் திரும்பி வந்து நிற்காதே என்று அர்த்தம்.

விற்கிறவர் இப்படிச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் ஆலையை நடத்தியவர் அல்ல. 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி, கம்பெனியைக் காப்பாற்ற ஆள் கிடைக்காவிட்டால் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதைக் கலைக்க உத்தரவிடும். லிக்விடேட்டர் ஒருவரை நியமிக்கும். அவர் பெரும்பாலும் கணக்குத் தணிக்கையாளராகவோ கம்பெனி செயலராகவோ வழக்கறிஞராகவோ இருப்பார். சாவிக்கொத்தை வாங்கும் அன்றுதான் ஆலையின் உள்பக்கத்தையே பார்த்திருப்பார். எந்த வால்வைத் திறந்தால் எது கொட்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது அல்லவா? அதனால் அந்த மூன்று வாசகங்கள்.

முந்தைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 1985-ன் நலிவுற்ற ஆலைகள் சட்டம், அதன்கீழ் வந்த பி.ஐ.எஃப்.ஆர். வாரியம், பிறகு உயர் நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ லிக்விடேட்டர் என்று கோப்பு மேஜை மேஜையாக நகர்வதற்குள் மெஷின் துருவாகிவிடும். புதிய சட்டம் கலைப்புக்கு ஒரு வருஷம் என்று இலக்கு வைத்திருக்கிறது. எல்லா வழக்கிலும் அது நடக்கிறதா என்றால் இல்லை. ஆனாலும் அவசரம் என்று ஒன்று வந்திருக்கிறது. அந்த அவசரத்தின் மறுபக்கத்தைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஓடும் விலை, நின்ற விலை, கிலோ விலை

ஒரு மெஷினுக்கு மூன்று விலை உண்டு. கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டினால் ஒரு விலை. நின்ற மேனிக்குப் பார்த்தால் அதில் பாதியோ கால்வாசியோ. வெட்டிவிட்டால் எடை மேடையில் ஏற்றிக் கிலோ விலைதான். நூற்பாலையின் நல்ல ரிங் பிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல் கதிர்கள் இருக்கும். கதிர், ரிங், ரோலர் என்று கழற்றி, பாகத்துக்குப் பாகம் பெயிண்டால் எண் எழுதி, போட்டோ பிடித்து, பெட்டியில் அடுக்கினால் இன்னொரு மில்லில் போய் நூல் நூற்கும். கேஸ் கட்டரை வைத்தால் அரை நாளில் அது வெறும் இரும்பு.

கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. மெஷினின் கதை இன்னும் பரிதாபம். அதன் அளவுக் கணக்குகளும் அமைப்புகளும் கன்ட்ரோலரின் நினைவகத்தில் இருக்கும். பல மாடல்களில் அந்த நினைவகத்தைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. ஆலை ஓடுகிறபோது பராமரிப்புக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை, மெஷினில் கரண்ட் இருக்கும்போதே அதை மாற்றிவிடுவார். ஆலை பூட்டிய பிறகு யார் மாற்றுவது? பேட்டரி செத்தால் நினைவும் போய்விடும். பல லட்சம் பெறுமான மெஷின், தன் பெயரே தெரியாத முதியவர் மாதிரி நிற்கும். பூட்டிய ஆலைக்கு வாட்ச்மேன் போடுவதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை பேட்டரி மேல் காட்டினால் ஏலத் தொகை கூடும் என்பது என் எண்ணம். வாட்ச்மேன் போட்டும் தாமிர கேபிள் காணாமல் போவது தனிக்கதை.

விலையை முடிவு செய்யும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்புப் போடுவார்கள். அவற்றின் சராசரியை வைத்து ரிசர்வ் விலை. ஏலம் போகாவிட்டால் அடுத்த ஏலத்தில் அதை 25% வரை குறைக்கலாம். அதற்கும் ஆள் வராவிட்டால், மேற்கொண்டு ஒவ்வொரு முறையும் 10% வரை. இந்தப் படிக்கட்டு வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அவசரமில்லாதவர் முதல் ஏலத்தில் கை தூக்கமாட்டார். படியிறங்கட்டும் என்று காத்திருப்பார். பழைய இரும்பு வட்டாரத்தில் ‘சிண்டிகேட்’ என்ற சொல் புதிதல்ல: வெளியே ஒருவர் மட்டும் கேட்பது, பிறகு தங்களுக்குள் தனியாக இன்னொரு ஏலம் நடத்திப் பங்கு போட்டுக்கொள்வது. இணையவழி ஏலம் வந்து, எங்கிருந்தோ ஒருவர் கோவை மெஷினுக்குக் கேட்கலாம் என்றான பிறகு இந்தக் கூட்டணிகள் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கின்றன. பழைய முதலாளி பினாமி வைத்துக் குறைந்த விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதையும் சட்டத்தின் 29-ஏ பிரிவு தடுக்கப் பார்க்கிறது.

எதைச் சேர்த்து விற்கிறோம், எதைப் பிரித்து விற்கிறோம் என்பதும் விலையைப் புரட்டிப் போடும். இதற்கு உலகமறிந்த உதாரணம், அதே ரோவர் பரம்பரையின் கடைசி வாரிசு. பர்மிங்ஹாமின் லாங்பிரிட்ஜ் ஆலையை நடத்திய எம்.ஜி. ரோவர் 2005 ஏப்ரலில் திவாலானது. ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தார்கள். (நம்ம ஊர் இண்டிகாவை ‘சிட்டி ரோவர்’ என்று பெயர் மாற்றி விற்றுப் பார்த்தவர்களும் இவர்கள்தான்.) ரோவர் 25, 75 கார்களின் வடிவமைப்பு உரிமையை ஷாங்காய் நிறுவனமான எஸ்.ஏ.ஐ.சி. முன்பே 6.7 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. ஜூலையில் நடந்த விற்பனையில் ஆலையையும் இயந்திரங்களையும் 5.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது நான்ஜிங் ஆட்டோமொபைல். ஒருவரிடம் வரைபடம், இன்னொருவரிடம் இயந்திரம்! லாங்பிரிட்ஜைக் கழற்றிப் பெட்டி பெட்டியாகச் சீனாவுக்குக் கொண்டுபோய், 2007 மார்ச்சில் நான்ஜிங்கில் கார் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காரை எஸ்.ஏ.ஐ.சி.யும் வேறு பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. அந்த வருஷக் கடைசியில் இரண்டும் ஒன்றாயின. ஆனால் அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, வாங்கியவர் மறுபடி ஓட்டுவதற்காக வாங்கினார் என்பது. ஓட்டப்போகிறவர் பொறுமையாகக் கழற்றுவார். நம் ஊரில் பெரும்பாலும் வருகிறவர் கிலோ கணக்கில் யோசிக்கிறவர்.

கேட்டைத் திறந்த பிறகு

ஏலம் முடிந்து பணம் கட்டியாகிவிட்டது. இனி வாங்கியவருக்கு நாள் கணக்கு. குறிப்பிட்ட கெடுவுக்குள் சரக்கை எடுக்காவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரை வாடகை ஏறும். நிலத்தை வேறொருவர் வாங்கியிருந்தால் அவர் வேறு வாசலில் நின்று விரட்டுவார். வாங்கியவர் தானே இறங்கி வேலை செய்வதில்லை; பிரித்தெடுக்கும் கான்ட்ராக்டரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசி விடுவார். அவர் ஒரு மேஸ்திரியைப் பிடிப்பார். மேஸ்திரி ஆட்களைக் கூட்டி வருவார். கடைசியில், கையில் கட்டிங் டார்ச்சும் கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடியுமாக அந்த மெஷின் முன்னால் நிற்கிறவர் தினக்கூலி. விளம்பரத்தின் ‘எப்படி உள்ளதோ அப்படியே’ கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவர் தலையில் வந்து உட்காருகிறது. அவர் அந்த விளம்பரத்தைப் படித்ததே இல்லை.

அவருக்கு முன்னால் என்னென்ன இருக்கின்றன?

ஃபர்னஸ் ஆயில் தொட்டி ஒன்று. காலிதான். நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் பயங்கரம். உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நீராவி கொண்டு கழுவி, உள்காற்றைக் கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று, ராம் மேலே தூக்கிய நிலையில் நின்றிருக்கும். எண்ணெய்க் குழாயை அவிழ்த்தால் டன் கணக்கான அந்த இரும்பு இறங்கும். அடியில் கட்டை கொடுக்காமல் கை வைக்கக் கூடாது. பேனல் அறையில் கெபாசிட்டர்கள். மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று தைரியமாகத் தொடுகிறவருக்குத்தான் ஷாக். சேமித்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்காதவரை கெபாசிட்டரை நம்பக் கூடாது. விளக்குக்காக எங்கிருந்தோ ஜெனரேட்டர் கொண்டுவந்து மாட்டினால், செத்ததாக நினைத்த கேபிளுக்கு உயிர் வரும்.

நூற்பாலை என்றால் தரைக்கடியில் காற்றுப் போகும் சுரங்கங்கள் இருக்கும். வருஷக்கணக்கான பஞ்சுத் தூசி அதில் படிந்திருக்கும். மேலே வெட்டும் பொறி கீழே விழுந்து, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு சாவகாசமாகப் புகையும். வெட்டி முடித்து குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒருவர் வாளித் தண்ணீரோடு காவல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சாயப்பட்டறை என்றால் ‘ஹைட்ரோஸ்’ டிரம் கிடக்கும். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு அது. மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்கிற அன்று அது எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? முலாம் பூசும் பட்டறையில் சயனைடு தொட்டியும் ஆசிட் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே கால்வாயில் கலந்தால் வருவது உயிர்கொல்லி வாயு. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ பார்வைக்குத் திடமாக இருக்கும். கால் வைத்தால் உடையும். குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி ஏற வேண்டிய இடம். உடைந்த தூளோ நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் தெளித்து முழுத் தகடாக இறக்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம். அதன் பயன்பாட்டை முற்றாக நிறுத்த 2016-ன் அரசாணை வைத்த கெடு 2025 டிசம்பர் 31. அந்த எண்ணெயைத் தரையில் ஊற்றிவிட்டுத் தாமிரத்தை மட்டும் உருவிக்கொண்டு போவது சுலபம். அடுத்த முப்பது வருஷம் அந்த மண்ணில் கிணறு தோண்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.

இதெல்லாம் கற்பனை அச்சமல்ல என்பதற்கு இரண்டு ஊர்கள் சாட்சி. இரண்டிலும் திவால் இல்லை. தேவையற்றதைக் காலி செய்த வேலைதான். கொடைக்கானலில் 2001-ல், இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகள் 7 டன்னுக்கு மேல் மூஞ்சிக்கல் காயலான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஆலை அதே வருஷம் மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய சண்டை அதன் பிறகு வருஷக்கணக்கில் ஓடியது. டெல்லியில் நடந்தது இன்னும் கொடூரம். பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985-லிருந்து யாரும் தொடாமல் கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்றை, உள்ளே கோபால்ட்-60 இருப்பது யார் நினைவிலும் இல்லாமல், 2010 பிப்ரவரியில் பழைய இரும்போடு ஏலம் விட்டுவிட்டார்கள். மாயாபுரி காயலான் கடைகளில் அதைப் பிரித்தார்கள். பளபளத்த துண்டொன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார் ஒருவர். பலர் உடல் வெந்து மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் ஏப்ரல் கடைசியில் இறந்தார். விஞ்ஞானிகள் நிறைந்த பல்கலைக்கழகத்திலேயே இந்த லட்சணம் என்றால், அளவு பார்க்கும் கதிரியக்கக் கருவிகள் பொருத்திய சிமென்ட் ஆலையோ காகித ஆலையோ நொடித்துப் பூட்டிக் கிடக்கும்போது அங்கே யார் கணக்கு வைத்திருப்பார்கள்?

தெரிந்தவர் வாசலில் நிற்கிறார்

கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. ஆலையின் பழைய ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், பாய்லர் அட்டெண்டர். எந்தக் குழாயில் என்ன ஓடியது, எந்தத் தொட்டியில் எது மிச்சம், எந்த மெஷினைத் தூக்கினால் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்கள் விரல் நுனியில். ஆனால் அவர்களை உள்ளே விடுவதில்லை. சம்பள பாக்கிக்காக கேட்டுக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறோம். கலைப்பு தொடங்கிய 30 நாளுக்குள் அவர்கள் தங்கள் பாக்கிக்குக் கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். கலைப்புக்கு முந்தைய 24 மாதச் சம்பள பாக்கிக்கு, பிணையை விட்டுக்கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் சட்டம் இடம் தருகிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் பங்கு பிரிக்கும் சொத்தில் சேராது. இவ்வளவு தூரம் தொழிலாளியை நினைத்த சட்டம், அவர் மூளையில் இருக்கும் வரைபடத்தை மட்டும் மறந்துவிட்டது.

என் கட்சி இதுதான். ஏல விளம்பரம் வருவதற்கு முன்பே அந்தப் பழைய ஆட்களில் நான்கு பேரை மூன்று மாதச் சம்பளத்துக்கு லிக்விடேட்டர் திரும்ப அழைக்கட்டும். தொட்டிகளை வடித்து, கெபாசிட்டர்களை இறக்கி, கதிர்க் கருவி இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்லி, அபாயக் கழிவை அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ரசீதோடு ஒப்படைத்து, மிச்சமிருக்கும் ஆபத்துகளை ஒரு பட்டியலாக எழுதி ஏல ஆவணத்தோடு இணைக்கட்டும். சி.என்.சி. பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடலாம். ஓட்டிக் காட்டும் மெஷினுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பணமே இந்தச் செலவில் பெரும்பகுதியைத் தேற்றிவிடும் என்று நம்புகிறேன். வாங்குகிறவரும் பார்வை நாளில் இந்தப் பட்டியலைக் கேட்க வேண்டும். இல்லை என்றால் அதையும் ஒரு விலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரிகள் ஆலை ஓடுகிறபோது மட்டும் வருகிறவர்களாக இல்லாமல், அது கழற்றப்படுகிற மாதத்தில் ஒரு முறையாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

கடன் கொடுத்தவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். ஏற்கெனவே ரூபாய்க்குச் சில பைசாதான் தேறுகிறது, அதிலும் கழுவிவிடும் கூலியா என்பார்கள். சட்டப் புத்தகத்தை அவர்களே திறந்து பார்க்கட்டும். விற்ற பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை சொல்வது 53-ஆம் பிரிவு. வங்கிக்கும் முன்னால், தொழிலாளிக்கும் முன்னால், அரசாங்க வரிக்கும் முன்னால் அதில் முதல் இடத்தில் இருப்பது திவால் நடைமுறைக்கும் கலைப்புக்கும் ஆன செலவு. தொட்டி கழுவிய கூலியை அந்தக் கணக்கில் எழுதலாம்.